மேனேஜருக்கு எவ்வளவு சம்பளம் கொடுப்பது? சிறு, நடுத்தரத் தொழிற்சாலைகளுக்கு ஒரு தொடக்க விளக்கம்

ஓசூர், ஒரகடம், கோவை என்று எந்தப் பக்கம் போனாலும், இருநூறு முந்நூறு பேரை வைத்துத் தொழிற்சாலை நடத்துபவர்களிடம் ஒரே குறையைத்தான் கேட்கலாம். நல்ல புரொடக்‌ஷன் மேனேஜர் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் இரண்டு மூன்று வருடத்தில் போய்விடுகிறார். ஏன் போகிறார் என்று கேட்டால், "பெரிய கம்பெனி கூப்பிட்டுவிட்டது, அவர்கள் கொடுப்பதை நம்மால் கொடுக்க முடியுமா?" என்பார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதி உண்மை, அந்த மேனேஜரின் சம்பளம் எப்படி முடிவானது என்பதில் இருக்கிறது. சேரும்போது, பழைய கம்பெனியில் வாங்கியதோடு இருபதோ முப்பதோ சதவீதம் கூட்டி ஒரு தொகை பேசியிருப்பார்கள். அதன்பிறகு ஒவ்வோர் ஏப்ரலிலும் எல்லாருக்கும் போடும் சதவீதத்தையே அவருக்கும் போட்டிருப்பார்கள். அந்த வேலைக்கு வெளியே இன்றைக்கு என்ன விலை, அவருக்குக் கீழே நிற்கும் ஆளின் கைக்கு மாதம் எவ்வளவு போகிறது, இந்த இரண்டையும் யாரும் உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

போட்டிக்கு ஈடுகொடுக்கும் சம்பளம் என்றால் ஊரிலேயே அதிகமாகக் கொடுப்பது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள், அதனாலேயே பயந்து அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. உண்மையில் இதற்கு வெளிச்சந்தையைப் பார்க்க வேண்டும், உள்ளே மேலும் கீழும் உள்ள இடைவெளியையும் பார்க்க வேண்டும், இரண்டும் ஒத்துப்போகிற இடத்தில் ஒரு தொகையை வைக்க வேண்டும். இதற்குப் பெரிய ஹெச்.ஆர். துறை எதுவும் வேண்டாம், ஒரு எக்செல் தாளும் நான்கைந்து நாள் பொறுமையும் போதும்.

முதலில், யாரோடு போட்டி?

கோவையில் பம்ப் செய்யும் ஒருவர், பக்கத்தில் பம்ப் செய்யும் மற்றவர்கள் என்ன கொடுக்கிறார்கள் என்றுதான் விசாரிப்பார். பம்ப் விற்பதில் அவர்கள்தான் போட்டி, சரி. ஆனால் மேனேஜரை இழுத்துக்கொண்டு போவது அவர்களாகத்தான் இருக்கும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மெஷினிங்கும் அசெம்பிளியும் தெரிந்த ஒரு மேனேஜர், வால்வு செய்யும் இடத்துக்கும் போவார், டெக்ஸ்டைல் மெஷினரி செய்யும் இடத்துக்கும் போவார், வண்டி உதிரிபாகம் செய்யும் இடத்துக்கும் போவார். ஆகவே கேட்க வேண்டியது "என் பொருளை வேறு யார் செய்கிறார்கள்?" என்பதை விட, "என் மேனேஜர் வேலையை விட்டால் எங்கே போய்ச் சேர முடியும்?" என்பதுதான்.

இந்த வட்டம் வேலைக்கு வேலை மாறும். மெயின்டனன்ஸ் மேனேஜர் பெரும்பாலும் வீட்டையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தையும் மாற்றாமல் போய்வரக்கூடிய தூரத்துக்குள்தான் வேலை தேடுவார், அவருடைய சந்தை முப்பது நாற்பது கிலோமீட்டர்தான். வாகனத் துறையின் தரச் சான்றான ஐ.ஏ.டி.எஃப். 16949 ஆடிட்களை எதிர்கொண்டு பழகிய குவாலிட்டி மேனேஜருக்கு வாகனத் துறை இருக்கும் எல்லா ஊரிலும் கிராக்கி உண்டு, புனேயிலிருந்தும் அழைப்பு வரும். பிளான்ட் ஹெட் என்றால் இந்தியா முழுக்கவே சந்தை. அக்கவுன்ட்ஸ் மேனேஜரோ உற்பத்தித் துறைக்கு வெளியே, மருத்துவமனைக்குக்கூடப் போய்விடலாம். எல்லா மேனேஜர்களுக்கும் ஒரே ஒப்பீட்டுப் பட்டியலை வைத்துக்கொண்டால் சிலருக்குத் தேவைக்கு மேல் கொடுப்போம், போகக்கூடாத ஒருவருக்குக் குறைத்துக் கொடுப்போம்.

ஓசூர்க்காரர்களுக்கு இதில் கூடுதல் சிக்கல். டி.வி.எஸ். மோட்டார், அசோக் லேலண்ட், டைட்டன் என்று ஊருக்குள்ளேயே பெரியவர்கள் இருக்கிறார்கள், பிறகு டாடா எலக்ட்ரானிக்ஸும் வந்துவிட்டது, இதற்கெல்லாம் மேல் எல்லையைத் தாண்டினால் பெங்களூர். சுங்குவார்சத்திரம் பக்கம் ஃபாக்ஸ்கான் போன்ற மின்னணு ஆலைகள் வளர்ந்தபோது அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஷிஃப்ட் நடத்தத் தெரிந்தவர்களின் விலை மாறியது. 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் கார் ஆலை திறந்தது, அந்தப் பக்கம் கார் தொழிற்சாலையே அதற்குமுன் கிடையாது. உங்கள் சுற்றுவட்டாரத்தில் இப்படி ஒன்று வரப்போகிறது என்று செய்தி வந்த அன்றே சம்பளத் தாளைத் திறப்பது நல்லது. ஆள் எடுக்க ஆரம்பித்த பிறகு திறந்தால், ராஜினாமாக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டியிருக்கும், அப்போது பேரம் உங்கள் பக்கம் இருக்காது.

பதவிப் பெயரை நம்பாதீர்கள்

அறுபது பேர் இருக்கும் பட்டறையிலும் புரொடக்‌ஷன் மேனேஜர் உண்டு, இரண்டாயிரம் பேர் இருக்கும் ஆலையிலும் உண்டு. சில இடங்களில் பத்து வருட அனுபவத்துக்கு ஏ.ஜி.எம். (உதவிப் பொது மேலாளர்) என்று போட்டுவிடுகிறார்கள், சில ஜப்பானிய, கொரிய நிறுவனங்களில் அதே பொறுப்பைச் சுமப்பவர் வெறும் மேனேஜர்தான். பெயரை வைத்து ஒப்பிட்டால் எதையும் எதோடும் ஒப்பிட்டுவிடலாம்.

வேலையின் அளவைப் பார்க்க வேண்டும். அவருக்குக் கீழே எத்தனை பேர், எத்தனை ஷிஃப்ட், எத்தனை லைன்? எவ்வளவு ரூபாய் வரை அவரே முடிவெடுத்துச் செலவு செய்யலாம்? வாடிக்கையாளர் ஆடிட்டுக்கு வந்தால் எதிரில் உட்கார்ந்து பதில் சொல்வது அவரா, முதலாளியா? யூனியனோடு பேசுவது யார்? ஒடிசா, பீகார், ஜார்கண்டிலிருந்து வந்த தொழிலாளர்களை இந்தி பேசி வேலைவாங்குகிறாரா? சட்டப்படி ஃபேக்டரி மேனேஜர் என்று அரசிடம் கொடுத்திருப்பது யார் பெயரை? கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், பாதுகாப்பு விதி மீறப்பட்டால் ஆக்குபையர் என்று தான் குறிப்பிடும் நிர்வாகத் தரப்போடு சேர்த்து மேனேஜரையும் குற்றவாளியாக்கியது, இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கும் அதில் இடமிருந்தது. விபத்து நடந்தால் வழக்கில் தன் பெயர் வரும் என்று தெரிந்தே கையெழுத்துப் போடுகிற மனிதரின் வேலையும், அந்தப் பொறுப்பு இல்லாதவரின் வேலையும் ஒரே விலையாக இருப்பது நியாயமில்லை.

வேலையை எடைபோடப் பெரிய நிறுவனங்கள் ஹே முறை என்ற ஒன்றைப் பயன்படுத்துகின்றன. வேலைக்கு எவ்வளவு அறிவு வேண்டும், எவ்வளவு கடினமான சிக்கல்களைத் தீர்க்க வேண்டும், விளைவுக்கு எவ்வளவு பொறுப்பு, இந்த மூன்றுக்கும் புள்ளி போட்டுக் கூட்டுவார்கள். உங்களுக்கு அந்த அளவுக்கு வேண்டாம். ஒவ்வொரு மேனேஜர் வேலைக்கும் மேலே சொன்ன கேள்விகளுக்கான பதிலை அரைப்பக்கம் எழுதி வைத்தாலே, "எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர் வேலை அவர்களுடைய அசிஸ்டன்ட் மேனேஜர் வேலைக்குத்தான் சமம்" என்பதோ அதற்கு நேர்மாறானதோ தெரிந்துவிடும்.

சந்தை விலையை எப்படித் தெரிந்துகொள்வது

ஏயான், மெர்சர் போன்ற நிறுவனங்கள் காசு வாங்கிக்கொண்டு சம்பள ஆய்வு தருகின்றன. நடுத்தரக் கம்பெனிக்கு அது கட்டுபடியாகாமல் போகலாம். நௌக்ரி, ஆம்பிஷன்பாக்ஸ் போன்ற தளங்களில் வரும் தொகைகளில் ஆட்கள் தாங்களாகப் போட்டவையும் இருக்கும், ஒரு மேலோட்டமான திசைக்கு மட்டும் அவற்றைப் பார்க்கலாம். ஆள் எடுத்துத் தரும் கன்சல்டன்ட்களிடம் கேட்கலாம், ஆனால் அவர்களுடைய கட்டணம் பெரும்பாலும் ஆண்டுச் சம்பளத்தில் ஒரு சதவீதக் கணக்கு, 8.33 என்பது வழக்கத்தில் இருக்கும் ஓர் அளவு, அதாவது ஒரு மாதச் சம்பளம். சம்பளம் கூடினால் அவர்களுக்கும் கூடும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும்.

எனக்குத் தெரிந்தவரை நம்பத்தகுந்த தகவல் உங்கள் அலுவலக ஃபைலிலேயே கிடக்கிறது. நேர்காணலுக்கு வந்தவர்கள் கொடுத்த சம்பளச் சீட்டுகள், உங்கள் ஆஃபரை மறுத்தவர்கள் எதற்காக மறுத்தார்கள் என்ற விவரம், விலகிப்போனவர்கள் எங்கே எவ்வளவுக்குப் போனார்கள் என்ற விவரம், எல்லாம் அங்கேதான் இருக்கும். மறுக்கப்பட்ட ஒவ்வோர் ஆஃபரையும் தேதி போட்டு ஒரு தாளில் எழுதி வைக்கிற கம்பெனி இரண்டு வருடத்தில் தனக்கென்று ஒரு சொந்த ஆய்வை வைத்திருக்கும்.

இன்னொரு இடமும் இருக்கிறது, அதைப் பலர் திறந்தே பார்ப்பதில்லை. பங்குச்சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்கள், கம்பெனிகள் சட்டம் 2013-ன்படி, ஒவ்வோர் இயக்குநரின் சம்பளமும் ஊழியர்களின் மீடியன் சம்பளத்தைப் (எல்லாரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் சம்பளம்) போல எத்தனை மடங்கு, அந்த மீடியன் அந்த ஆண்டு எத்தனை சதவீதம் உயர்ந்தது என்பதையெல்லாம் வெளியிட வேண்டும். இயக்குநரின் சம்பளத்தை அந்த மடங்கால் வகுத்தால் மீடியன் வந்துவிடும். 2024 அக்டோபரில் ஹூண்டாய் மோட்டார் இந்தியாவும் பட்டியலுக்குள் வந்துவிட்டதால் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துக்காரர்களுக்கு இது இன்னும் பயன்படும். அந்த மீடியனில் தொழிலாளர்களும் அடங்குவார்கள், ஆகவே மேனேஜர் சம்பளம் அதில் நேரடியாகத் தெரியாது. ஆனால் பெரியவர்கள் ஆண்டுக்கு எத்தனை சதவீதம் நகர்கிறார்கள் என்பது தெரியும்.

இந்த மீடியன் என்ற சங்கதியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் மற்றதெல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது. உதாரணத்துக்கு, உங்கள் அளவுள்ள ஏழு இடங்களில் புரொடக்‌ஷன் மேனேஜரின் ஆண்டுச் சம்பளம் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: 9, 10.5, 11, 12, 13, 14.5, 19 லட்சம். கூட்டி ஏழால் வகுத்தால் சராசரி 12.7 லட்சம். ஆனால் ஏழு பேரில் நான்கு பேர் அதற்குக் கீழேதான் இருக்கிறார்கள், அந்த ஒரு 19 லட்சம் சராசரியை மேலே இழுத்துவிட்டது. வரிசையாக நிறுத்தி நடுவில் நிற்பவரை எடுத்தால் 12 லட்சம், அதுதான் மீடியன். ஒரு முரட்டு எண் வந்து விழுந்தாலும் அது அசையாது. சம்பள ஆய்வு செய்பவர்கள் பேசும் ஐம்பதாவது பெர்சன்டைல் என்பதும் இதுவேதான். எழுபத்தைந்தாவது பெர்சன்டைல் என்றால் நூறு பேரில் எழுபத்தைந்து பேருக்கு மேலே நிற்கிற தொகை.

அப்புறம், தகவலுக்கும் வயதாகும். அந்த 12 லட்சம் போன ஜூலையில் திரட்டியது, நீங்கள் சம்பளம் போடப்போவது இந்த ஏப்ரலில் என்றால் இடையில் ஒன்பது மாதம் ஓடிவிட்டது. இந்தியாவில் ஆண்டுச் சம்பள உயர்வு சமீப வருடங்களில் சராசரியாக 9, 10 சதவீதத்தை ஒட்டியே இருப்பதாக ஆய்வு நிறுவனங்கள் சொல்லி வருகின்றன. 9 என்றே வைத்தாலும் ஒன்பது மாதத்துக்கு ஏறக்குறைய 6.75 சதவீதம் கூட்ட வேண்டும், 12 லட்சம் 12.8 லட்சம் ஆகிறது. இந்த ஒரு படியைச் செய்யாமல், பழைய எண்ணை வைத்துக்கொண்டு, "நாங்கள் சந்தை விலைதானே கொடுக்கிறோம்" என்று மனதார நம்பிக்கொண்டிருக்கும் கம்பெனிகள் நிறைய.

ஒரு எண் போதாது, ஒரு வரம்பு வேண்டும்

சந்தையின் நடு தெரிந்த பிறகு எங்கே நிற்பது என்பது உங்கள் முடிவு. நடுவிலேயே நிற்கலாம், கொஞ்சம் மேலே நிற்கலாம், தெரிந்தே கொஞ்சம் கீழேயும் நிற்கலாம். எல்லா வேலைக்கும் ஒரே இடத்தில் நிற்க வேண்டியதில்லை. உங்கள் தொழிலே துல்லியமான மெஷினிங்கில் ஓடுகிறதென்றால் டூல் ரூம் மேனேஜருக்கும் குவாலிட்டி மேனேஜருக்கும் எழுபத்தைந்தாவது பெர்சன்டைலை ஒட்டிக் கொடுத்துவிட்டு, எளிதில் மாற்று ஆள் கிடைக்கும் வேலைகளுக்கு நடுவில் நிற்கலாம். கையில் காசு குறைவாக இருக்கும் கம்பெனிக்கு இதுதான் சரியான வழி என்பது என் கருத்து. எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தால் போகக்கூடாதவர்தான் முதலில் போவார், அவருக்குத்தான் வெளியே கிராக்கி.

அந்த நடு எண்ணைச் சுற்றி ஒரு வரம்பு போடுங்கள். 12.8 லட்சத்துக்கு இருபது சதவீதம் கீழே, இருபது சதவீதம் மேலே என்றால் ஏறக்குறைய 10.2 லட்சம் முதல் 15.4 லட்சம் வரை. புதிதாகப் பொறுப்புக்கு வந்தவர் கீழ்ப்பக்கம், வேலையை முழுதாகக் கையில் எடுத்துக்கொண்டவர் நடுவில், தனியாகவே ஆலையை நடத்தக்கூடியவர் மேல்பக்கம். ஒருவர் வாங்கும் சம்பளத்தை நடு எண்ணால் வகுத்தால் அவர் எங்கே நிற்கிறார் என்று தெரியும். எட்டு வருடமாக உங்களிடமே இருக்கும் நல்ல மேனேஜர் 10.8 லட்சம் வாங்குகிறார் என்றால் 0.84. வெளியிலிருந்து நேற்று எடுத்தவருக்கு 13.5 லட்சம் என்றால் 1.05. இந்த இரண்டு எண்களும் பக்கத்துப் பக்கத்துக் கேபினில் உட்கார்ந்திருக்கின்றன. சம்பளம் ரகசியம் என்று அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் எழுதியிருக்கலாம், ஆனால் தெரியாமல் இருக்கப்போவதில்லை.

இந்த நிலைமைக்குப் பெரும் காரணம் "கடைசியாக என்ன வாங்கினீர்கள்?" என்ற கேள்விதான். ஆளின் பழைய சம்பளத்தை வைத்து விலைபேசினால், அவர் இதற்குமுன் குறைவாக வாங்கியிருந்தால் அந்தக் குறையை நீங்களும் தொடர்கிறீர்கள். குழந்தை பிறந்தபோது இரண்டு வருடம் வேலையை விட்டுத் திரும்பி வந்த பெண்ணுக்கு இதனால் வரும் நஷ்டம் வேலைக்காலம் முழுக்க ஒட்டிக்கொண்டே வரும். இந்தியத் தொழிற்சாலைகளில் வேலைபார்க்கும் பெண்களில் 40 சதவீதத்துக்கும் மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள், ஆனால் மேனேஜர் நாற்காலியில் அவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. வேலைக்கு விலை வையுங்கள், ஆளின் பழைய சீட்டுக்கு விலை வைக்காதீர்கள்.

கீழே இருப்பவரோடு உள்ள இடைவெளி

உற்பத்தித் துறையை மற்ற துறைகளிலிருந்து பிரித்துக் காட்டுவது இதுதான், ஐ.டி. கம்பெனியை மனதில் வைத்து எழுதப்பட்ட சம்பளப் பாடங்களில் இது வராது. தொழிற்சாலையில் மேனேஜருக்குக் கீழே இருப்பவருக்கு ஓ.டி. உண்டு, கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி என்பது சட்டம். மேனேஜருக்கு அது கிடையாது. தொழிலாளர்களுக்கு யூனியன் இருந்தால் மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம் போட்டு மொத்தமாக ஒரு தொகை ஏறும். மேனேஜருக்காகப் பேச யாரும் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம், எண்கள் உதாரணத்துக்குத்தான். ஒரு சீனியர் ஆபரேட்டரின் மாதச் சம்பளம் 31,200 ரூபாய். 26 நாளால் வகுத்தால் நாளுக்கு 1,200, மணிக்கு 150, ஓ.டி. மணிக்கு 300. மாதம் 16 மணி நேரம் கூடுதலாக வேலை பார்த்தால் 4,800 சேர்ந்து 36,000. பி.எஃப். பிடித்தம் 1,800 போனால் கையில் 34,200. இப்போது அவருக்கு மேலே ஷிஃப்ட்டைப் பார்த்துக்கொள்ளும் அசிஸ்டன்ட் மேனேஜர். அவருக்குச் சி.டி.சி., அதாவது கம்பெனிக்கு அவரால் ஆகும் மொத்தச் செலவு, ஆண்டுக்கு 5.4 லட்சம், மாதம் 45,000 என்று சொல்லி எடுத்திருக்கிறோம். அதில் 4,500 வேரியபிள், வேலையின் விளைவைப் பொறுத்து வருடக் கடைசியில்தான் வரும். கம்பெனி கட்டும் பி.எஃப். 1,800, வேலையை விட்டுப் போகும்போது கொடுக்கும் கிராஜுவிட்டிக்கு ஒதுக்குவது சுமார் 1,080, இன்ஷூரன்ஸுக்கு ஒரு 600. மீதி ஏறக்குறைய 37,000. அவருடைய பங்கு பி.எஃப். 1,800 போனால் கையில் 35,200.

வித்தியாசம் ஆயிரம் ரூபாய். அந்த ஆயிரத்துக்காக அவர் ரிஜெக்‌ஷனுக்குப் பதில் சொல்ல வேண்டும், ஆள் வராத நாளில் லைனை ஓட்ட வேண்டும், ராத்திரி இரண்டு மணிக்கு மெஷின் நின்றால் போன் எடுக்க வேண்டும். நல்ல ஆபரேட்டர்களும் சூப்பர்வைசர்களும் புரமோஷன் வேண்டாம் என்று சொல்வதைப் பார்த்து முதலாளிகள் ஆச்சரியப்படுகிறார்கள். இந்தக் கணக்கை ஆபரேட்டரும் போட்டுப் பார்த்துவிட்டார், அவ்வளவுதான்.

ஆகவே ஒவ்வொரு படிக்கும் கீழே இருப்பவரின் ஓ.டி. சேர்ந்த கைக்காசையும் மேலே இருப்பவரின் கைக்காசையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், சி.டி.சி.யோடு சி.டி.சி.யை ஒப்பிடாதீர்கள். முதல் படிக்கு, அதாவது லைனிலிருந்து மேனேஜர் வரிசைக்கு ஏறும் இடத்தில், குறைந்தது இருபது இருபத்தைந்து சதவீத இடைவெளியாவது இருந்தால்தான் ஏறி வர ஒரு காரணம் இருக்கும் என்பேன். யூனியன் ஒப்பந்தம் கையெழுத்தாகும் அதே மாதத்தில் இந்தக் கணக்கைத் திரும்பப் போட வேண்டும், அடுத்த ஏப்ரல் வரைக்கும் தள்ளக்கூடாது. இதற்கு ஆகும் செலவை ஒப்பந்தப் பேச்சுவார்த்தைக்கு உட்காரும்போதே சேர்த்து எண்ணி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

வேரியபிள், அலவன்ஸ், சட்டம்

வேரியபிள் என்பது வேலையின் விளைவைப் பொறுத்து வரும் பணம். சிறிய கம்பெனிகள் செய்யும் தவறு, அதை உற்பத்தி எண்ணிக்கையோடு மட்டும் கட்டிவிடுவது. மாதக் கடைசியில் எண்ணிக்கை வர வேண்டும் என்பதற்காக மேனேஜர் மெஷினைச் சர்வீஸுக்கு நிறுத்தமாட்டார், வாடிக்கையாளர் கேட்காத பொருளைக்கூட ஓட்டி ஸ்டோரில் அடுக்குவார். பலர் ஓ.இ.இ. என்ற அளவைப் பயன்படுத்துகிறார்கள். மெஷின் ஓடத் தயாராக இருந்த நேரம், ஓடிய வேகம், நல்ல பொருளின் விகிதம், மூன்றையும் பெருக்கினால் வருவது அது. 90, 90, 95 சதவீதம் என்றால் பெருக்கி வருவது 77 சதவீதம்தான். அதோடு சொன்ன தேதியில் டிஸ்பேட்ச் ஆனதையும், வாடிக்கையாளர் திருப்பியனுப்பிய பொருளின் அளவையும் சேர்த்தால் ஒன்றுக்காக மற்றொன்றைப் பலிகொடுப்பது குறையும்.

விபத்து எண்ணிக்கையை மட்டும் வேரியபிளோடு நேரடியாகக் கட்டாதீர்கள். விபத்து குறைந்தால் பணம் என்றால் காயம்பட்டவரை ரிப்போர்ட் செய்யாமல் வீட்டுக்கு அனுப்பிவிடும் ஆசை வரும், விரல் போகிற வரைக்கும் யாருக்கும் தெரியாது. அதற்குப் பதிலாக, நூலிழையில் தப்பிய சம்பவங்கள் எத்தனை பதிவாயின, அவற்றில் எத்தனை சரிசெய்யப்பட்டன என்று பாருங்கள். பதிவு கூடினால் நல்லது என்று ஆகும்போது யாரும் மறைக்கத் தேவையில்லை.

சம்பளத்தை எப்படிப் பிரிப்பது என்பதில் இப்போது கவனம் வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. அவற்றின்படி அலவன்ஸ்கள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் ஊதியமாகவே கணக்கிடப்படும். அடிப்படைச் சம்பளத்தை முப்பது சதவீதத்தில் வைத்து மற்றதையெல்லாம் அலவன்ஸாக அடுக்கும் பழைய வழக்கத்தால் இனி பெரிய லாபம் இல்லை, கிராஜுவிட்டிச் செலவு கூடும். ஒரு வருடச் சேவைக்கு 15 நாள் ஊதியம், மாதத்தை 26 நாளாக எண்ணி, என்பதுதான் கிராஜுவிட்டிக் கணக்கு. எட்டு பத்து வருடம் இருந்துவிட்ட மேனேஜருக்கு இது சிறிய தொகை இல்லை, இப்போதே ஒதுக்கி வைப்பது நல்லது. ஆஃபர் கொடுக்கும்போது சி.டி.சி.யை மட்டும் சொல்லாமல் கைக்கு எவ்வளவு வரும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். முதல் மாதச் சம்பளத்தைப் பார்த்து ஏமாந்துபோனவர் அன்றைக்கே அடுத்த வேலையைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

பணத்தால் ஈடுகட்ட முடியாத ஒன்றும் இருக்கிறது, நேரம். பெரிய நிறுவனத்தில் வாரம் ஐந்து நாள், உங்களிடம் ஆறு நாள், ஞாயிறு மெயின்டனன்ஸ் என்றால் அதிலும் பாதி நாள். ஆண்டுச் சம்பளத்தை வேலைசெய்த மணிநேரத்தால் வகுத்துப் பார்த்தால் 12.8 லட்சம் கொடுக்கும் நீங்கள், 11 லட்சம் கொடுப்பவரை விடக் கீழே இருக்கக்கூடும். கூடுதலாக இரண்டு லட்சம் கொடுக்க முடியாத ஒரு கம்பெனியால், மாதம் இரண்டு சனிக்கிழமை விடுமுறை கொடுக்க முடியலாம், ராத்திரி போனை மேனேஜர்கள் முறைவைத்து எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்ய முடியலாம், தாம்பரத்திலிருந்து ஒரகடம் வரை தினமும் வண்டியோட்டி வருபவருக்கு ஒரு கார் ஏற்பாடு செய்ய முடியலாம். ஆட்கள் விலகும்போது சம்பளம் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள், சொல்வதற்கு அதுதான் எளிது. கொஞ்சம் உட்கார்ந்து பேசினால் பாதிப் பேர் நேரத்தைப் பற்றித்தான் பேசுவார்கள்.

இதெல்லாம் போட்டு முடித்ததும், ஏற்கெனவே இருப்பவர்களில் சிலர் வரம்புக்குக் கீழேயோ, வரம்பின் அடிப்பக்கத்திலோ நிற்பது தெரியவரும், பெரும்பாலும் நீண்ட நாள் இருப்பவர்கள், கேட்டு வாங்கத் தெரியாதவர்கள். அவர்கள் வேறு ஆஃபர் கொண்டுவந்து காட்டும்வரை காத்திருக்க வேண்டாம். ஆஃபரைக் காட்டினால்தான் உயர்வு என்று ஆகிவிட்டால் மற்றவர்களும் வெளியே போய் ஆஃபர் வாங்கிவரத்தான் கற்றுக்கொள்வார்கள். ஒரே தடவையில் சரிசெய்ய முடியாவிட்டால் இரண்டு தவணையாகச் செய்யலாம். அந்த 10.8 லட்சம் மேனேஜருக்கு வழக்கமான உயர்வு போக, திருத்தமாக ஒரு தொகையை ஏப்ரலிலும் மீதியை அக்டோபரிலும் போடுங்கள். அவரை உட்காரவைத்து, இது இன்கிரிமென்ட் இல்லை, உங்கள் வேலையின் விலையைத் திருத்துகிறோம் என்று சொல்லி, இரண்டு தேதியையும் இரண்டு தொகையையும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். வெளியிலிருந்து அடுத்த ஆளை எடுக்கும் ஆஃபரில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இதைச் செய்து முடித்திருக்க வேண்டும்.